குழந்தைகளுக்கு உளவைப் பற்றி எப்படிச் சொல்வது? – கேள்வி பதில்

கேள்வி: ஐந்து வயது மகள் உளவாளி என்றால் யார் என்று கேட்கிறாள்.

பதில்: ஒரு நாடு மறைத்து வைத்திருக்கும் செய்தியை அந்நாட்டுக்குத் தெரியாமல் அறிந்து, தம் நாட்டுக்குச் சொல்பவர் என்றால் போதும். துப்பாக்கியைச் சேர்க்க வேண்டாம். கேட்பதும் படிப்பதும் எழுதி அனுப்புவதுமே அவர்களுடைய வேலையில் பெரும்பகுதி.

கேள்வி: எட்டு வயதுப் பையனுக்குச் சொல்ல உண்மைச் சம்பவம் உண்டா?

பதில்: 1945இல் சோவியத் சிறுவர்கள், மாஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதர் ஹாரிமனுக்கு மரத்தில் செதுக்கிய அமெரிக்க அரசு முத்திரையைப் பரிசளித்தார்கள். அது தூதரின் இல்லத்துச் சுவரில் பல ஆண்டுகள் தொங்கியது. அதற்குள் ஒட்டுக்கேட்கும் கருவி இருந்தது 1952இல்தான் வெளிப்பட்டது. அதில் பேட்டரி கிடையாது. வெளியிலிருந்து ரேடியோ அலையைப் பாய்ச்சியபோது, அறையில் பேசுகிறவர்களின் குரலுக்கு உள்ளிருந்த மெல்லிய உலோகச் சவ்வு அதிர்ந்து, திரும்பிச் சென்ற அலையில் அந்தப் பேச்சை ஏற்றி அனுப்பியது. அலையை நிறுத்திவிட்டால் கருவியும் ஊமையாகிவிடும் என்பதால், அதைக் கண்டுபிடிப்பது மிகவும் கடினமாக இருந்தது. ஊதிய பலூனை வாயருகே வைத்துப் பேசச் சொல்லுங்கள்; பையனின் விரல்நுனியே அந்த அதிர்வை உணரும். பெரியவர்கள் தங்கள் மறைவு வேலைக்குப் பிள்ளைகளின் கையைப் பயன்படுத்தினார்கள் என்பதையும், அது தவறு என்பதையும் சொல்லாமல் கதையை முடிக்காதீர்கள்.

கேள்வி: பாட்டி யாரிடம் என்ன பேசுகிறார் என்று பார்த்து வரச் சொன்னால், நல்ல பயிற்சிதானே?

பதில்: செய்யாதீர்கள். மேலே நான் தவறு என்றது இதைத்தான்.

கேள்வி: எலுமிச்சைச் சாற்றால் ரகசியமாக எழுதுவது எப்படி?

பதில்: சாற்றைப் பஞ்சுக்குச்சியால் தொட்டு எழுதி உலரவிட்டு, தாளைச் சூடாக்கினால் எழுத்து பழுப்பாகத் தெரியும். இஸ்திரிப் பெட்டியைப் பெரியவர்தான் பிடிக்க வேண்டும்.

கேள்வி: நம் ஒற்றர் வீரர், எதிரியின் ஒற்றர் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் எளிதல்லவா?

பதில்: எளிதுதான், ஆனால் ஒரே செயலுக்கு ஏன் இரண்டு பெயர் என்று பிள்ளை ஒருநாள் கேட்கும். பத்து வயதைத் தாண்டியவர்களுக்கு நூர் இனாயத் கானைப் பற்றிச் சொல்லுங்கள். ஜெர்மானியர் பிடியிலிருந்த பாரிஸிலிருந்து 1943இல் பிரிட்டனுக்காக வயர்லெஸ் செய்தி அனுப்பிய அவரை ஜெர்மானியர்கள் 1944இல் டாஹாவ் முகாமில் கொன்றார்கள். பிரிட்டன் 1949இல் ஜார்ஜ் கிராஸ் விருது அளித்தது.

கேள்வி: அப்படியானால் பொய் சொல்வது சரி என்றாகிவிடாதா? முந்தைய பதிலை ஏற்க முடியவில்லை.

பதில்: ஆகாது. நூர் பொய்ப்பெயரில் வாழ்ந்தார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. யாரைக் காக்க, எந்த ஆபத்தை ஏற்று அப்படி வாழ்ந்தார் என்பதையும் சேர்த்துச் சொன்னால், வீட்டில் சொல்லும் பொய்யோடு பிள்ளை அதைக் குழப்பிக்கொள்ளாது.

கேள்வி: பிறந்தநாள் பரிசைக்கூடப் பிள்ளை மறைக்கக் கூடாதா?

பதில்: மறைக்கலாம், அது வெளிப்படும் நாள் எல்லோருக்கும் தெரியும். “அம்மாவிடம் சொல்லாதே” என்று ஒரு பெரியவர் எதையாவது எப்போதைக்குமாக மறைக்கச் சொன்னால் உடனே வந்து சொல்ல வேண்டும், சொன்னதற்காகத் திட்டு விழாது என்று இன்றே சொல்லிவையுங்கள்.

கேள்வி: எலுமிச்சை எழுத்தை மெழுகுவர்த்தியில் காட்டலாமா?

பதில்: கூடாது. முன்பே சொன்னேன்: இஸ்திரிப் பெட்டி, அதுவும் பெரியவர் கையில்.