பாதியில் நிற்கும் பழைய கார்: இன்னும் கொஞ்சம் பணம் போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 46, மாதச் சம்பளக்காரி. நான்கு வருஷத்துக்கு முன்பு 1960 மாடல் மோரிஸ் மைனர் ஒன்றை வாங்கினேன். இருமி இருமி ஓடிக்கொண்டிருந்த வண்டி. முழுவதும் பிரித்து, 14 மாதத்தில் புதுசாக்கித் தருவதாக ஷெட்டில் சொன்னார்கள். பெயின்ட்டைச் சுரண்டியதும் கதவுக்குக் கீழே இரண்டு பக்கமும் தகரமே இல்லை, வெறும் பட்டிதான் இருந்தது. டிங்கரிங் செய்தவர் பாதியில் வேலையை விட்டுப் போய்விட்டார். அடுத்த ஆள் கிடைக்க ஐந்து மாதம் ஆனது. பம்பரும் கைப்பிடிகளும் முலாம் பூசப் போய் ஏழு மாதமாகிறது. சிலிண்டரை உள்ளே கடைந்து அகலப்படுத்தும் போரிங் முடிந்த இன்ஜின் ஒரு வருஷமாக ஷெட் மூலையில் கிடந்தது. போன வாரம் போய்ப் பார்த்தால் சிலிண்டருக்குள் செம்மண் பூசினாற்போல் துரு. மீதி வேலைக்கு இப்போது இன்னொரு பெரிய தொகை கேட்கிறார்கள், அதில் பாதி முன்பணமாம். தனிநபர் கடன் வாங்கலாமா, அல்லது மகளின் கல்லூரிப் படிப்புக்குப் போட்டு வைத்திருக்கும் டெபாசிட்டை உடைக்கலாமா? படிப்புக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. "கிடைத்த விலைக்குத் தள்ளிவிடு" என்கிறார் கணவர். பழைய கார்கள் கோடிக்கணக்கில் விலை போவதாகப் படிக்கிறேன். முதலீடு என்று நினைத்துத்தான் இறங்கினேன். என்ன செய்வது?

பதில்: டெபாசிட்டைத் தொடாதீர்கள். கடனும் வேண்டாம். ஆனால் உங்கள் கணவர் சொல்வதுபோல் வண்டியை இன்றைக்கே தள்ளிவிடவும் நான் சொல்ல மாட்டேன்.

முதலில் அந்த 'முதலீடு' என்ற சொல்லைக் கொஞ்சம் தட்டிப் பார்ப்போம். 2022-இல் மெர்சிடஸ் பென்ஸ் 300 எஸ்எல்ஆர் ஊலன்ஹாட் கூப்பே 13.5 கோடி யூரோவுக்கு விலை போனது. நீங்கள் படித்ததும் இந்த மாதிரி ஒரு செய்தியாகத்தான் இருக்கும். அந்த வண்டியில் செய்யப்பட்டதே இரண்டுதான். உங்கள் மோரிஸ் மைனரோ 1948-இல் தொடங்கி 1970-களின் ஆரம்பம் வரை 16 லட்சத்துக்கும் மேல் தயாரானது. பத்து லட்சத்தைத் தாண்டிய முதல் பிரிட்டிஷ் கார் என்ற பெயரும் அதற்கு உண்டு. இதனால் உங்களுக்கு ஒரு வசதி: உதிரிபாகங்களை இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள், அபூர்வமான ஒரு திருகுக்காக உலகம் முழுக்கத் தேட வேண்டியதில்லை. அதே காரணத்தால்தான் விலையும் ஓர் அளவுக்கு மேல் ஏறுவதில்லை. ஆக இது ஆசைக்குச் செய்யும் செலவு. அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் ஆசைச் செலவுக்கு எந்தப் பையிலிருந்து பணம் எடுப்போமோ, அந்தப் பையில் மட்டும்தான் இதற்கும் கை வைக்க வேண்டும்.

இனி கணக்கு. நீங்கள் எழுதிய தொகைகளை இங்கே வெளியிடவில்லை. வண்டி வாங்கிய விலையை 100 என்று வைத்துக்கொண்டு மற்றதை அதற்கு ஏற்றபடி மாற்றியிருக்கிறேன். ஷெட்டில் முதலில் சொன்ன மொத்தச் செலவு 150. இதுவரை கொடுத்தது 210. இன்னும் கேட்பது 90. முடித்த நிலையில் இதே மாடல் 280-க்கு விற்கிறது என்கிறீர்கள். பிரித்துப் போட்ட இன்றைய நிலையில் கேட்டவர்கள் 70 சொல்லியிருக்கிறார்கள். வாங்கிய விலையைவிடவே குறைவு என்பது உங்களுக்கு வலிக்கும். ஆனால் பெட்டிகளில் கிடக்கும் காரை யாரும் பயந்துகொண்டுதான் வாங்குவார்கள். எதெது காணாமல் போயிருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாதே.

இதுவரை போன 310-ஐ (வாங்கிய 100, கொடுத்த 210) ஒரு காகிதத்தில் எழுதி, மடித்து, உள்ளே வைத்துவிடுங்கள். விற்றாலும் முடித்தாலும் அது திரும்பி வராது. இன்று முடிவு செய்ய வேண்டியது ஒன்றைத்தான்: இப்போது விற்றால் 70 கையில் கிடைக்கும். முடித்து விற்றால் 280, அதிலிருந்து மீதிச் செலவைக் கழிக்க வேண்டும். இரண்டும் சமமாகும் புள்ளி 210 (280-இல் 70 போக). மீதிச் செலவு 210-க்குள் அடங்கினால் முடிப்பது நஷ்டத்தைக் குறைக்கும், தாண்டினால் கூட்டும்.

ஷெட் கேட்பது 90 தானே, அப்படியானால் முடித்துவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் நான் கையைப் பிடிப்பேன். 150 என்றவர்கள் இப்போது 300 என்கிறார்கள் (கொடுத்த 210, கேட்கும் 90). அதாவது அவர்கள் சொல் இரண்டு மடங்காவது வழக்கம். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. பட்டியைச் சுரண்டாமல் உள்ளே தகரம் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. மேலும், மனித மனம் இப்படித்தான். 1994-இல் ரோஜர் பியூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் மூவரும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டதற்குச் சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே சொதப்பினால் எத்தனை நாள் என்று கேட்டதற்கு 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாள். சொதப்பலுக்கும் சேர்த்து யோசித்துச் சொன்ன கெடுவே போதவில்லை.

ஆகவே 90-ஐ 180 என்று எடுத்துக்கொள்வோம். 210-க்கு இன்னும் 30 இடம் இருக்கிறது. ஆனால் ஷெட் வாடகையும் காப்பீடும் சேர்த்து மாதம் ஒன்றரை போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வேலை இன்னும் 18 மாதம் இழுத்தால் அதுவே 27. மிஞ்சுவது 3. இதற்கு மேல் கடன் வாங்கினால், வட்டி அந்த மூன்றைத் தின்றுவிட்டு மேலும் கேட்கும். கடன் வேண்டாம் என்று முதல் வரியிலேயே சொன்னது இதனால்தான். மகளின் படிப்புப் பணத்துக்கு இந்தக் கணக்கே தேவையில்லை. கல்லூரி தேதி தள்ளிப் போகாது, ஷெட் தேதி தள்ளிக்கொண்டேதான் போகும். அந்த இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டாதீர்கள்.

பணத்தை மட்டும் பார்த்தால் விற்பதும் முடிப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். அப்படியானால் உங்களுக்கு அந்த வண்டி வேண்டுமா என்பதே கேள்வி. நான்கு பக்கக் கடிதத்தில் இரண்டரைப் பக்கம் ஸ்டியரிங்கைப் பற்றியும் கதவு மூடும் சத்தத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். வேண்டும் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது தாமதத்துக்கு வருவோம். எல்லாத் தாமதமும் ஒன்றல்ல. சிலது பொறுமையைத்தான் தின்னும், சிலது பணத்தைத் தின்னும்.

முலாம் பூசப் போன ஏழு மாதம் முதல் வகை. பம்பரில் பளபளப்பது குரோமியம் என்று நினைக்கிறோம். அது மேலே இருக்கும் மிக மெல்லிய படலம்தான். பழைய முலாமை உரித்து, துருக்குழிகளைத் தேய்த்து, செம்பு ஏற்றி, மறுபடி தேய்த்து, நிக்கல் ஏற்றி, கடைசியில் குரோமியம். அவசரப்படுத்தினால் குழி அப்படியே தெரியும். அது இருக்கட்டும், பம்பர் இல்லாமல் பாடி வேலை ஒன்றும் நிற்காது. ஒன்று மட்டும் செய்யுங்கள்: என்னென்ன கொடுத்தீர்கள் என்று எண்ணி, படம் எடுத்து, கையெழுத்து வாங்குங்கள். இந்த வேலையில் கைப்பிடி மாதிரிச் சின்னச் சாமான்தான் தொலையும்.

இன்ஜின் கதை வேறு. போரிங் போட்ட சிலிண்டர் சுவர் பச்சை இரும்பு. எண்ணெய் பூசி மூடாமல் வைத்தால் காற்றின் ஈரமே போதும், துரு பிடித்துவிடும். துரு மேலாக இருந்தால், சுவரை மெல்லத் தீட்டும் ஹோனிங்கிலேயே போய்விடும். குழி விழுந்திருந்தால் மறுபடி போரிங், அதற்குத் தகுந்த பெரிய பிஸ்டன். உங்கள் 948 சிசி இன்ஜினில் 20 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), 40 தௌ, 60 தௌ என்று படிப்படியாகத்தான் பெரிதாக்க முடியும். ஏற்கெனவே 20 போய்விட்டது. கடைசிப் படியும் முடிந்தால் உள்ளே புதுக் குழாய் செருகி ஸ்லீவ் போட வேண்டியதுதான். ஒரு வருஷம் இன்ஜின் சும்மா கிடந்ததாகத்தானே நினைத்தீர்கள்? ஒரு படி கரைந்திருக்கலாம்.

நீங்கள் எழுதியிருந்த அந்த ஐந்து டயர்களும் இப்படித்தான். தள்ளுபடியில் கிடைத்தது என்று வண்டி வாங்கிய வருஷமே ஸ்டெப்னியோடு சேர்த்து வாங்கிவிட்டீர்கள். பக்கச்சுவரில் நான்கு எண் இருக்கும்: 2319 என்றால் 2019-இன் 23-வது வாரத்தில் செய்தது. ஓடினாலும் ஓடாவிட்டாலும் ரப்பருக்கு அன்றிலிருந்து வயது ஏறுகிறது. வண்டி தயாராகும்போது டயர் கிழவனாகியிருக்கும். இனிமேல் எந்தச் சாமானையும் அது மாட்டப்படும் மாதத்துக்கு முன்னால் வாங்காதீர்கள், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும். (என் வீட்டுப் பரணிலும் ஒரு பழைய ஸ்கூட்டரின் கார்புரேட்டர் பிஸ்கட் டப்பாவில் ஆறு வருஷமாக இருக்கிறது. அதனால் உபதேசம் செய்ய எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான்.)

நான் சொல்லும் வழி இது. வேலையை நிறுத்துங்கள், ஆனால் நல்ல இடத்தில் நிறுத்துங்கள். மைனருக்குத் தனியாகச் சேசிஸ் கிடையாது; பாடியே வண்டியைத் தாங்குகிறது. கதவுக்குக் கீழே போன அந்தத் தகரம்தான் அதன் முதுகெலும்பு. அதைப் புதிதாக வைத்து, தரையை வெல்டிங் செய்து, ஈரத்தை உள்ளே விடாத எப்பாக்சி பிரைமர் அடித்து, நான்கு சக்கரத்தில் நிறுத்தும் வேலைக்கு மட்டும் தனியாக விலை கேளுங்கள். அடிப்பவரிடம் எப்பாக்சி என்று சொல்லியே கேளுங்கள்; சாதாரண பிரைமர் ஈரத்தை உறிஞ்சும், ஒரு மழைக்காலத்தில் உங்கள் காசு பிரைமருக்கு அடியில் துருவாகிவிடும். 40 சொன்னால் 80 வரை ஆகும் என்று மனதில் வைத்துக்கொண்டு, மாதச் சம்பளத்தில் மிஞ்சுவதைக் கொண்டே அதை முடியுங்கள். மாதங்கள் கொஞ்சம் கூடினாலும் சரி. பிறகு வாடகை இல்லாத, கூரையுள்ள ஓர் இடத்துக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விடுங்கள். மாதம் ஒன்றரை என்ற ஓட்டை அத்தோடு பெரும்பாலும் அடைபடும். அதற்குப் பிறகு பெயின்ட், வயரிங், சீட் எல்லாம் உங்கள் கை வசதிப்படி. அந்த நிலையில் விற்க நேர்ந்தாலும் 70-க்கு விற்க மாட்டீர்கள், ஏனென்றால் வாங்குபவர் மிகவும் பயப்படுவது அந்தத் தகரத்துக்குத்தான்.

வெல்டிங்குக்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன், இது பண விஷயமும்கூட. கீழ்த்தகரத்தை வெட்டும்போது கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் கம்பி வைத்து முட்டுக் கொடுத்திருக்கிறார்களா என்று நீங்களே போய்ப் பாருங்கள். முட்டுக் கொடுக்காமல் வெட்டினால் பாடி நடுவில் தொய்ந்துவிடும். புதுத் தகரம் அழகாக ஒட்டியிருக்கும், கதவு மூடாது. அதைச் சரிசெய்ய ஒட்டியதையே மறுபடி வெட்ட வேண்டும், அதற்கும் நீங்கள்தான் பணம் கொடுப்பீர்கள்.

முன்பணம் பாதி என்பதை ஒப்புக்கொள்ளாதீர்கள். முன்பணம் வாங்கிய ஷெட்டில் உங்கள் வண்டி மூலைக்குப் போகும், அடுத்த வண்டி நடுவுக்கு வரும். அவர்களுக்கும் வாடகை, கூலி இருக்கிறது, குறை சொல்லிப் பயனில்லை. தகரமும் சாமான்களும் உங்கள் பெயரில் நீங்களே வாங்கிக் கொடுங்கள். கூலியை வேலையின் கட்டம் கட்டமாகக் கொடுங்கள்: இடது பக்கம் முடிந்து கதவு மூடிக் காட்டினால் இவ்வளவு, வலது பக்கம் முடிந்தால் இவ்வளவு. முடியாது என்றால், இதுவரை செய்ததற்குக் கணக்குத் தீர்த்துவிட்டு வண்டியை வெளியே எடுத்துவிடலாம். காப்பீட்டு நிறுவனத்திடம், பழைய கார்களுக்கு இருவரும் முன்பே பேசி ஒப்புக்கொள்ளும் மதிப்பில் பாலிசி உண்டா என்று கேளுங்கள். சந்தை மதிப்பு பாலிசியில் தீப்பிடித்தால் அறுபது வயதைத் தாண்டிய காருக்கு அவர்கள் சொல்வதுதான் விலை.

கணவரிடம் ஒரு தேதி சொல்லுங்கள். அந்தத் தேதிக்குள் வண்டி சக்கரத்தில் நிற்கவில்லை என்றால், அல்லது இந்தக் கட்டத்துக்கே 80-க்கு மேல் போனால் விற்றுவிடுவோம் என்று இருவரும் இப்போதே எழுதி வையுங்கள். இப்போது எழுதினால்தான் எழுத முடியும். ஷெட்டில் நின்றுகொண்டு, "இன்னும் கொஞ்சம்தான் மேடம்" என்று கேட்கும்போது முடியாது.

நாளைக்கே செய்ய வேண்டியது ஒன்று உண்டு, அதற்குச் செலவு மிகக் குறைவு. ஒரு டப்பா இன்ஜின் ஆயிலும் பழைய துணியும் எடுத்துக்கொண்டு போய், சிலிண்டர் நான்கிலும் துருவை மெல்லத் துடைத்து, விரலை விட்டுச் சுவரைத் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் ஹோனிங்கோடு போகும். நகம் எங்காவது மாட்டினால் எந்தச் சிலிண்டரில், எவ்வளவு ஆழத்தில் என்று குறித்துக்கொள்ளுங்கள். எப்படியிருந்தாலும் நான்கிலும் எண்ணெயைத் தாராளமாகப் பூசி, பாலிதீனைச் சுற்றிக் கட்டிவிட்டு வாருங்கள். அந்தக் குறிப்போடு எனக்கு மறுபடி எழுதுங்கள். 90-இல் இன்ஜினுக்கு எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று பார்ப்போம்.