எப்போதும் பிந்தி வரும் கிண்ணியா நண்பன்

சண்டை வேண்டாம், சும்மா விடவும் வேண்டாம். ஐந்து மணிக்கு திருகோணமலை டச்பே கடற்கரைக்கு வருவதாகச் சொல்லிவிட்டு ஆறரைக்கு வந்து நிற்கும் கிண்ணியா நண்பனிடம், "ஐந்தரை வரைதான் நிற்பேன், பிறகு வீட்டுக்குப் போய்விடுவேன்" என்று முதல் நாளே சொல்லுங்கள். சொன்னபடி போயும் விடுங்கள். போகாமல் நின்றால் வாக்குத் தவறியது நீங்கள்தான்.

அலட்சியம் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். தன் வேலைக்கு எடுக்கும் நேரத்தை ஆட்கள் குறைத்தே கணக்கிடுவார்கள். உளவியலாளர்கள் டானியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979இலேயே எழுதிய விஷயம். உங்கள் நண்பன் கிண்ணியாப் பாலத்தால் வரும் பஸ் ஓட்டத்தை மட்டும் எண்ணுகிறான். குளிப்பது, சேட்டு அயன் பண்ணுவது, பஸ் நிரம்பும்வரை உள்ளே வேர்த்துக்கொண்டு இருப்பது எதுவும் கணக்கில் இல்லை.

ஒன்று பாருங்கள்: வேலைக்கும் பிந்துகிறானா? அங்கே நேரத்துக்குப் போய் உங்களிடம் மட்டும் பிந்தினால் விஷயம் வேறு, நேரில் கேட்கத்தான் வேண்டும். "வெளிக்கிட்டிட்டன்" என்று போனில் சொல்வதை நம்பவேண்டாம் (பாயில் கிடந்துகொண்டும் சொல்லலாம்). பஸ் ஏறியதும் போன் எடுக்கச் சொல்லுங்கள்.

அவன் வீட்டில் நோயாளியோ கைக்குழந்தையோ இருந்தால் இந்தக் கண்டிப்பு சரிவராது. அப்போது நீங்களே கிண்ணியாவுக்குப் போய்ப் பாருங்கள்.