சோலார் இலவசம் என்றால் அட்வான்ஸ் எதற்கு?

கேள்வி: ஆகஸ்ட் 20, அக்ஷய் ஊர்ஜா (புதுப்பிக்கத்தக்க எரிசக்தி) தினத்துக்காக எங்கள் ஊர்க் கல்லூரியில் கண்காட்சி வைத்திருந்தார்கள். வாசலில் நின்ற ஒருவர், "பிரதமர் திட்டத்தில் சோலார் முழுக்க இலவசம். 5 கிலோவாட் போட்டால் கரண்ட் பில்லே வராது" என்று சொல்லி 5,000 ரூபாய் அட்வான்ஸ் கேட்டார். இரண்டு மாதத்துக்கு 480 யூனிட் ஓடுகிறது. இணைப்பு, காலமான அப்பா பெயரில். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். இலவசம் என்ற பேச்சே பொய். அவர் சொன்ன பிரதமரின் சூரிய வீடு (பி.எம். சூர்ய கர்) திட்டத்தில் மானியம்தான் உண்டு: முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000, ஆக மொத்தம் 78,000 ரூபாய். 5 கிலோவாட் போட்டாலும் அதே 78,000தான். மீதி உங்கள் பணம், அவருடைய லாபம்.

உங்களுக்கு 5 கிலோவாட் தேவையே இல்லை. 480 யூனிட்டில் 100 யூனிட்டை அரசே இலவசமாகத் தருகிறது. மிச்சம் 380, ஒரு நாளைக்கு ஆறரை யூனிட்கூட வராது. ஒரு கிலோவாட் பேனல் நல்ல வெயிலில் தினமும் சுமார் 4 யூனிட் தரும். 2 கிலோவாட் தாராளம். மாடியில் நிழல் விழாத 200 சதுர அடி இருந்தால் போதும்.

இந்தப் புரோக்கர்களின் பழைய வித்தை ஒன்று: திட்டத்தின் தேசிய இணையதளத்தில் உங்களைப் பதிவு செய்யும்போது தங்கள் செல்போன் எண்ணைப் போட்டுவிடுவார்கள். அப்புறம் எந்தத் தகவலும் உங்களுக்கு வராது. நீங்களே பதியுங்கள், ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள். பேனலும், அதற்குள் வெயிலை மின்சாரமாக்கும் சோலார் செல்களும் இந்தியத் தயாரிப்பாக இருந்தால்தான் மானியம்; விலை குறைவு என்று வேறொன்றை மாட்டிவிட்டால் போச்சு. பில்லில் எழுதி வாங்குங்கள்.

இப்போது அப்பா பெயர். இதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். இணைப்பு ஒருவர் பெயரிலும் மானியம் வரவேண்டிய வங்கிக் கணக்கு இன்னொருவர் பெயரிலும் இருந்தால், பேனல் மாட்டி மீட்டரும் வைத்த பிறகு மானியம் சிக்கிக்கொள்ளும். முதலில் மின்வாரியத்தில் பெயர் மாற்றுங்கள். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எடுத்து வையுங்கள். பாகம் பிரிக்காத வீடு என்றால் அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லோரிடமும் சம்மதக் கையெழுத்து இப்போதே வாங்குங்கள். பேனல் ஏறிய பிறகு கேட்டால், "மொட்டை மாடியில் எனக்கும் பங்கு உண்டே" என்று பேச்சு வரும், பார்த்திருக்கிறேன். அக்கா வெளியூரில் இருந்தால் அதற்கே இரண்டு மாதம் ஓடிவிடும்.

2004 முதல் அக்ஷய் ஊர்ஜா தினத்தைக் கொண்டாடுகிறார்கள். கோலப் போட்டி, உறுதிமொழி, பேரணி எல்லாம் உண்டு. எந்தக் காகிதத்தை எந்த மேசையில் கொடுப்பது என்று சொல்ல மட்டும் ஆள் கிடையாது. அந்த இடத்தில்தான் புரோக்கர் நிற்கிறார்.

கரண்ட் போனால் இந்த சோலாரும் நின்றுவிடும்; இது மின்வாரிய லைனோடு சேர்ந்து ஓடுவது, பேட்டரி இல்லை. அதையும் அவர் சொல்லியிருக்க மாட்டார்.