குளிருக்கு மாதச் செலவு, ஆலங்கட்டிக்குக் கையிருப்பு

கேள்வி: வணக்கம் அண்ணா. ஒன்ராறியோவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் 14 வருடமாக வாடகைக்கு இருக்கிறோம். எனக்கு 38 வயது. பிள்ளைகள் இருவர், ஒன்பது வயதும் ஐந்து வயதும். எனக்குச் சம்பளம் 78,000 டொலர், மனைவிக்கு 42,000. என் கம்பனி அல்பேர்ட்டா மாகாணத்தின் கல்கரிக்கு மாற்றம் தருகிறது. சம்பளம் 84,000 ஆகும், சாமான் ஏற்ற 4,000 தருவார்கள். நவம்பரிலும் போகலாம், அடுத்த மேயிலும் போகலாம். டிசம்பர் 31க்கு முன் போனால் வரி மிச்சம் என்கிறார் மச்சான். கல்கரி வடகிழக்கில் 520,000 டொலருக்கு ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறோம். 2006இல் கட்டியது, கூரையும் அப்போது போட்டதுதான். கையில் 58,000 இருக்கிறது, அதில் 24,000 எஃப்.எச்.எஸ்.ஏ என்ற முதல் வீட்டுச் சேமிப்புக் கணக்கில். முழுவதையும் முற்பணமாகப் போட்டு வாங்கிவிடலாமா? மாமிதான் "பிள்ளையள் குளிரிலை விறைச்சுச் சாகப்போகுதுகள்" என்று அழுகிறார். குளிருக்கென்று எவ்வளவு ஒதுக்க வேண்டும்?

பதில்: போங்கள். ஆனால் நவம்பரில் வேண்டாம், மேயில் போங்கள். வீட்டை இப்போது வாங்க வேண்டாம், ஒரு வருடம் வாடகைக்கு இருங்கள். 58,000ஐயும் ஒரு வீட்டில் கொட்டிவிட்டு வெறுங்கையோடு நிற்கிற எண்ணத்தை மட்டும் இன்றே விட்டுவிடுங்கள்.

முதலில் மாமியின் கவலை. ஜனவரியில் கல்கரியின் சராசரி வெப்பநிலை ரொறன்ரோவை விடச் சில பாகைதான் குறைவு. இடையிடையே மைனஸ் 30 வரும், அதை மறைக்கவில்லை. ஆனால் அங்கே சினூக் என்று ஒரு காற்று உண்டு. ரொக்கி மலையைத் தாண்டி இறங்கும்போது சூடாகி, உலர்ந்து வரும். காலையில் பூட்ஸும் கையுறையுமாக வேலைக்குப் போனவர் மத்தியானம் ஜக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பார். சில மணி நேரத்துக்குள் 20 பாகை ஏறிய நாட்கள் உண்டு. சிலருக்குத் தலையிடி வரும், அது வேறு கதை. வெயிலும் ரொறன்ரோவை விட அதிகம். மாமி பயப்படுகிற குளிர் உண்மையில் வினிபெக்கில்தான் இருக்கிறது.

குளிர்ச் செலவில் ஒரு வசதி, அது சொல்லிக்கொண்டு வரும். பனிக்கால ரயர் நான்கு, ரிம்மோடு சேர்த்து 1,200 டொலர் என்று வையுங்கள். நான்கைந்து குளிர்காலம் ஓடும், மாதத்துக்குப் பிரித்தால் 25 டொலருக்குள். அல்பேர்ட்டாவில் சட்டம் கட்டாயப்படுத்தவில்லைதான். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயம். சட்டம் இல்லை என்பதற்காக நீங்கள் போடாமல் விடாதீர்கள். வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே போனதும் சாதாரண ரயரின் றப்பர் இறுகத் தொடங்கிவிடும். கல்கரியில் செப்டம்பரிலும் ஸ்நோ கொட்டியிருக்கிறது, மேயிலும் கொட்டியிருக்கிறது.

அப்புறம் புளொக் ஹீற்றர். ஸ்காபரோவில் உங்களுக்கு இது தேவைப்பட்டிருக்காது. எஞ்சினைச் சூடாக வைத்திருக்கும் சின்ன மின்சூடாக்கி, அதன் வயர் காரின் முன் கிரில்லுக்குள்ளிருந்து வால் போல வெளியே தொங்கும். மைனஸ் 15, 20 என்று இறங்கும் இரவுகளில் அதைச் செருகி வைக்க வேண்டும். எட்மன்டனில் என் முதல் குளிர்காலத்தில், செருகியதை மறந்து காரை எடுத்து, வயரைப் பிளக்கோடு பிடுங்கிக்கொண்டு வேலைக்குப் போன ஆள் நான். பக்கத்து வீட்டுக்காரர் கையைக் காட்டினார், வாழ்த்துச் சொல்கிறார் என்று நினைத்துத் திருப்பிக் கையைக் காட்டினேன். சரி, கணக்குக்கு வருவோம். 400 வாட் ஹீற்றர் இரவு முழுக்க 12 மணி நேரம் ஓடினால் கிட்டத்தட்ட 5 யூனிட் மின்சாரம். ஒரு ரைமர் வாங்கி, காரை எடுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பு மட்டும் ஓடவிட்டால் ஒன்றேகால் யூனிட் கூட ஆகாது. எஞ்சினுக்கு அந்தச் சூடு போதும்.

உங்கள் வாடகையில் ஹீற் அடங்கியிருந்தால், முதல் ஜனவரி பில் கொஞ்சம் உலுக்கும். இங்கே நாம் மின்சார பில்லை ஹைட்ரோ பில் என்கிறோம், அங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை. அங்கே மின்சாரத்தையும் எரிவாயுவையும் எந்தக் கம்பனியிடம், நிலையான விலைக்கா மாறும் விலைக்கா வாங்குவது என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம். ஆனால் பில்லில் பாவனைக்கான காசு ஒரு பகுதிதான். கடத்தல், விநியோகம், நிர்வாகம், நகரசபைக்குப் போகும் கட்டணம் என்று ஒரு வால் நீளும். குளிர்கால மாதங்களில் இரண்டும் சேர்ந்து 400 டொலரைத் தொட்ட பில்களை வாடிக்கையாளர்கள் என்னிடம் கொண்டு வந்திருக்கிறார்கள். வருடச் செலவைப் பன்னிரண்டாகப் பிரித்துக் கட்டும் திட்டத்தில் சேர்ந்துவிடுங்கள். ரயர், ஹீற்றர், பற்றரி, பிள்ளைகளின் பூட்ஸ் என்று எல்லாவற்றுக்கும் ரொறன்ரோச் செலவுக்கு மேலே மாதம் 150 டொலர் எடுத்து வைத்தால் சமாளிக்கலாம். மாமியின் பயத்துக்கு என் விலை அவ்வளவுதான்.

ஆனால் நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது. கல்கரியில் ஒரு குடும்பத்தின் பணத்தை உடைப்பது ஜனவரி இல்லை, ஜூன் முதல் ஓகஸ்ட் வரையான ஆலங்கட்டி மழை. 2020 ஜூன் 13ஆம் திகதி வடகிழக்குக் கல்கரியில் கொட்டியதற்குக் காப்புறுதிக் கம்பனிகள் கொடுத்தது 100 கோடி டொலருக்கு மேல். 2024 ஓகஸ்ட் 5ஆம் திகதி திரும்பவும் கொட்டியது, விமான நிலையத்தின் கூரையையே உடைத்தது. அந்த ஒரு மாலையின் கணக்கு 280 கோடியைத் தாண்டியது. இரண்டும் அடித்தது நீங்கள் வீடு பார்த்த அதே திசையில். அந்தப் பக்கத்து வாடிக்கையாளர் ஒருவர் வீட்டுக்கு நான் போனபோது, வைனைல் சுவர்த் தகடு முழுக்க யாரோ துப்பாக்கியால் சுட்டது போல ஓட்டை. ஒவ்வொரு ஓட்டைக்கும் அவர் ஒட்டுநாடா ஒட்டி வைத்திருந்தார். வேலையாட்கள் வர இன்னும் மாதங்கள் ஆகும் என்றார். கராஜ் இல்லாததால் கார் முற்றத்தில் நின்றது. அதன் பொனற்றில் மழைத் தண்ணீர் குழி குழியாகத் தேங்கி நின்றது.

ஆகவே அந்த வீட்டைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். 2006இல் போட்ட கூரை 2020ஐயும் 2024ஐயும் தாங்கி நின்றதா? அல்லது முன்னைய உரிமையாளர் காப்புறுதிக் காசை வாங்கிக்கொண்டு கூரையை மாற்றாமல் விட்டாரா? கேளுங்கள். பதில் எழுத்தில் வரட்டும்.

இன்னொன்றையும் பாருங்கள். அல்பேர்ட்டா வீட்டுக் காப்புறுதிகள் பலவற்றில் ஆலங்கட்டிக்கென்று தனியாக ஒரு கழிவுத்தொகை (இழப்பில் நீங்களே ஏற்க வேண்டிய முதல் பகுதி) இருக்கிறது, சாதாரணக் கழிவுத்தொகையை விடப் பெரியது. பழைய கூரைக்குப் புதுக்கூரையின் விலையைத் தராமல், தேய்மானம் போக மிஞ்சிய பெறுமதியை மட்டும் தரும் ஒப்பந்தங்களும் உண்டு. ஒரு உதாரணம் போடுகிறேன். கூரை மாற்ற 18,000 டொலர். ஆயுள் 20 வருடம் என்று வைத்து, 15 வருடம் ஓடிவிட்டது என்றால் மிச்சப் பெறுமதி கால்வாசி, 4,500. உங்கள் ஆலங்கட்டிக் கழிவுத்தொகை 5,000 என்றால் கம்பனி உங்களுக்குத் தர வேண்டியது பூச்சியம். வருடா வருடம் காப்புறுதி கட்டியிருப்பீர்கள், 18,000மும் உங்கள் தலையில். எந்த வீடாக இருந்தாலும், வாங்கும் ஒப்பந்தத்தின் நிபந்தனைகளை விலக்கும் முன் அந்த முகவரிக்குக் காப்புறுதி விலை எடுத்து, இந்த இரண்டு வரிகளையும் தேடிப் படியுங்கள்.

520,000 டொலர் வீட்டுக்குச் சட்டப்படி தேவையான குறைந்தபட்ச முற்பணம் 27,000. முதல் 500,000க்கு 5 வீதம், மிச்சம் 20,000க்கு 10 வீதம். 10 வீதம், அதாவது 52,000 போட்டால் வீட்டுக் கடன் காப்புறுதிக் கட்டணம் கடனில் 4 வீதத்திலிருந்து 3.1 வீதத்துக்கு இறங்கும், 5,000 டொலருக்குக் கொஞ்சம் மேல் மிச்சம். அந்த மிச்சம் நல்லதுதான். ஆனால் 58,000இல் 52,000ஐக் கொடுத்தால், சட்டத்தரணி செலவும் போக, முதல் கோடையில் உங்கள் கையில் என்ன இருக்கும்? ஒரு வருடம் பொறுத்தால் இரண்டும் கிடைக்கும். மனைவியும் எஃப்.எச்.எஸ்.ஏ திறக்கட்டும். ஒருவருக்கு வருடம் 8,000, வாழ்நாளில் 40,000 வரை போடலாம், போட்டதை வருமானத்திலிருந்து கழிக்கலாம். இதற்கு ஆர்.ஆர்.எஸ்.பி என்ற ஓய்வுச் சேமிப்புக் கணக்கு போல மார்ச் வரை அவகாசம் கிடையாது, டிசம்பர் 31ஓடு வருடம் முடிந்துவிடும். வெளியே இருக்கும் 34,000இல் 10,000ஐத் தொடாமல் ரி.எஃப்.எஸ்.ஏ என்ற வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் வட்டி தரும் சேமிப்பாக வையுங்கள். அதற்கு ஆலங்கட்டிப் பணம் என்றே பெயர் வைத்துவிடுங்கள். "சீட்டு எடுத்துச் சமாளிப்போம்" என்று சொல்லாதீர்கள். ஆலங்கட்டி உங்கள் முறை வரும்வரை காத்திருக்காது. ஸ்காபரோவில் சீட்டு ஏதும் ஓடிக்கொண்டிருந்தால் முடித்துவிட்டுப் போங்கள்.

வாடகைக்கு இருப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. அல்பேர்ட்டாவில் வாடகையை எவ்வளவு கூட்டலாம் என்பதற்கு உச்சவரம்பு இல்லை, வருடத்துக்கு ஒரு தடவைதான் கூட்டலாம் என்பது மட்டும்தான். ஒரு வருடத்துக்கு ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது மச்சானின் வரி. அவர் சொன்ன விதி சரி. டிசம்பர் 31 அன்று எந்த மாகாணத்தில் வசிக்கிறீர்களோ அந்த மாகாணத்தின் வரிதான் முழு வருட வருமானத்துக்கும். ஆனால் உங்கள் வருமானத்துக்கு அதனால் பெரிதாக ஒன்றும் நடக்காது. அல்பேர்ட்டா முதல் 60,000 டொலர் அளவுக்கு 8 வீதம் எடுக்கிறது, ஒன்ராறியோ 5.05இலிருந்து தொடங்குகிறது. அல்பேர்ட்டாவில் வரியில்லாத தொகை பெரிது, ஒன்ராறியோவில் சுகாதாரக் கட்டணம் வேறு. கூட்டிக் கழித்தால் உங்கள் இருவருக்கும் சேர்த்து வருடத்துக்குச் சில நூறு டொலர்தான் வித்தியாசம். அதற்காக நவம்பரில் இரண்டு பிள்ளைகளோடு 3,400 கிலோமீற்றர் ஓட வேண்டாம். சுப்பீரியர் ஏரிக்கு மேலே 17ஆம் நெடுஞ்சாலையைப் புயலுக்கு மூடினால், மொட்டல் வாடகையிலேயே அந்த மிச்சம் போய்விடும்.

உண்மையான மிச்சம் கடையில்தான். விற்பனை வரி இங்கே 13 வீதம், அங்கே 5 வீதம் மட்டும். வரி பிடிக்கும் சாமானுக்கு மாதம் 2,000 செலவழிக்கிற குடும்பத்துக்கு 160 டொலர். என்னுடைய 150 அதிலேயே வந்துவிடுகிறது, பாருங்கள். அரிசி, மரக்கறி, வாடகைக்கு இரண்டு இடத்திலும் வரி கிடையாது. பிள்ளைகளின் உடுப்புக்கும் சப்பாத்துக்கும் ஒன்ராறியோவிலும் 5 வீதம்தான். ஆகவே ஸ்நோ பூட்ஸை அங்கே போய் வாங்கி ஆதாயம் தேட வேண்டாம்.

உங்கள் காரைப் பற்றி எழுதவில்லை. பழைய கார் என்றால், மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் வைத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அது ஆலங்கட்டிக்கு ஒரு சதமும் தராது, மோதல் அல்லாத சேதங்களுக்கான கொம்ப்ரிஹென்சிவ் பகுதி வேண்டும். மேயில் போனால் அடுத்த மாதமே ஆலங்கட்டிக் காலம், அதனால் போய்ச் சேர்ந்த வாரமே எடுங்கள். வேறு மாகாணத்துக் காரை அங்கே பதிய முன் பரிசோதனையில் தேற வேண்டும். ரொறன்ரோ உப்பில் அடியெல்லாம் துருப்பிடித்த கார் அங்கே விழுந்துவிடும். இங்கேயே ஒரு மெக்கானிக்கிடம் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். மோசம் என்றால் இங்கேயே விற்றுவிடுங்கள். தனியாரிடம் பழைய கார் வாங்கினால் ஒன்ராறியோவில் 13 வீத வரி கட்ட வேண்டும், அல்பேர்ட்டாவில் ஒன்றும் இல்லை.

நகரும் செலவை ரி1-எம் வரிப் படிவத்தில் கழிக்கலாம். புது வீடு புது வேலைக்கு 40 கிலோமீற்றராவது கிட்டவாக இருக்க வேண்டும், உங்களுக்கு அதில் கேள்வியே இல்லை. கம்பனி தரும் 4,000 போக மிச்சத்தை, கல்கரியில் உழைக்கிற வருமானத்தில்தான் கழிக்கலாம். வழிச் சாப்பாட்டுக்கு ரசீது இல்லாமல் ஆளுக்கு ஒரு நாளுக்கு 69 டொலர் வரை போடலாம். வீடு பார்க்க முன்கூட்டியே பறந்து போன ரிக்கற்றைச் சேர்க்க முடியாது.

ஓஹிப் என்ற ஒன்ராறியோ மருத்துவ அட்டையை எறிந்துவிடாதீர்கள், அல்பேர்ட்டா அட்டை நீங்கள் போய்ச் சேர்ந்த மாதத்துக்குப் பின் வரும் மூன்றாவது மாதத்தின் முதல் நாள்தான் தொடங்கும். மாமியும் கூட வருகிறாரா என்று எழுதவில்லை. வருகிறார் என்றால், ஸ்நோ நின்று 24 மணி நேரத்துக்குள் வாசல் நடைபாதையை வழித்துவிட வேண்டும் என்று கல்கரியில் சட்டம் இருப்பதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். விடியற்காலையில் சவலோடு நிற்கப் போவது நீங்கள்தான். அவர் யன்னலுக்குள் நின்று "தொப்பி போட்டனியே" என்று கேட்பார்.