போகத்துக்குப் போகம் மாறும் படிவம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கணினி டிப்ளோமா படிக்கிறேன். எங்கள் ஊர்க் கமக்காரர் அமைப்புக்கு அங்குலரில் (வலைப்பக்கம் கட்டும் கருவித் தொகுதி) ஒரு பதிவுப் படிவம் செய்து கொடுக்கிறேன். செயலாளர் ஒவ்வொரு போகத்துக்கும் கேள்விகளை மாற்றுகிறார். அதனால் படிவத்தின் எச்ரிஎம்எல் முழுவதையும் டேற்றாபேஸில் வைத்து, வேண்டிய நேரம் எடுத்து இன்னர்எச்ரிஎம்எல் (எழுத்தாக வரும் எச்ரிஎம்எல்லைப் பக்கத்தில் செருகும் பண்பு) வழியாகப் பக்கத்தில் போடுகிறேன். எழுத்துகள் வருகின்றன, பெட்டிகள் வரவில்லை. பாதுகாப்பைத் தாண்டும் பைபாஸ் கட்டளையைப் போட்டதும் பெட்டிகள் வந்தன. ஆனால் அதில் தட்டுவது எதுவும் அங்குலரின் ஃபோர்மில் ஏறவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, பரந்தன்

பதில்: தங்கச்சி, முதலில் செயலாளரைக் கோபிக்க வேண்டாம். காலபோகத்துக்கு மழை கைகொடுக்கும். சிறுபோகம் வந்தால் இரணைமடுக் குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்த்துத்தான் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கூட்டத்தில் முடிவெடுப்பார்கள். எந்த வாய்க்கால், யாருக்கு எவ்வளவு பங்கு என்ற கேள்விகள் அப்போதுதான் தேவைப்படும். அப்படியென்றால் படிவம் மாறத்தான் வேண்டும். நீங்கள் மாற்றுகிற இடம்தான் சரியில்லை.

பெட்டிகள் காணாமல் போனதற்குக் காரணம் அங்குலரின் காவல். இன்னர்எச்ரிஎம்எல்லில் வருவதை அது வடிகட்டித்தான் பக்கத்துக்குள் விடும். பந்தி, தடித்த எழுத்து, படம் எல்லாம் போகும். இன்புட், பட்டன், செலக்ட் போன்றவை அதன் அனுமதிப் பட்டியலில் இல்லை, உதிர்ந்துவிடும். பைபாஸ் போட்டால் வடிகட்டி இல்லை, பெட்டி தெரியும். ஆனால் அது வெறும் பிரவுசர் பெட்டி. பெட்டியை ஃபோர்மோடு இணைக்க 'ஃபோர்ம் கண்ட்ரோல் நேம்' என்று நீங்கள் எழுதியதை அங்குலர் வாசிக்கவே இல்லை. 2020இல் வந்த 9ஆம் பதிப்பிலிருந்து ரெம்பிளேற்றுகள் (அங்குலர் வாசிக்கும் பக்க வார்ப்புகள்) வழக்கமாக பில்ட் செய்யும்போதே கம்பைல் ஆகிவிடும். பிறகு சேர்வரிலிருந்து வருகிற எழுத்தை ரெம்பிளேற்றாக எடுத்துக்கொள்ள பிரவுசரில் யாரும் காத்திருப்பதில்லை. அதோடு, டேற்றாபேஸில் கைவைக்க முடிந்த எவரும் உங்கள் பக்கத்தில் தங்கள் ஸ்கிரிப்டை ஓடவிடலாம். பைபாஸை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

டேற்றாபேஸில் எச்ரிஎம்எல் வேண்டாம், கேள்வியை மட்டும் வையுங்கள். ஒவ்வொரு கேள்வியும் ஜேசன் என்ற தரவு வடிவில் ஒரு சிறு பதிவு: அதன் சாவி, திரையில் தெரியும் தலைப்பு, வகை (எழுத்து, எண், தேதி, தெரிவு, ஆம்/இல்லை), கட்டாயமா, தெரிவென்றால் எவையெவை. சாவியை ஆங்கில எழுத்தில் வைத்துவிட்டுத் தலைப்பைத் தமிழில் எழுதுங்கள். நாளைக்குச் சிங்களத்திலும் வேண்டும் என்று கேட்டால் தலைப்பை மட்டும் கூட்டினால் போதும்.

இந்தப் பட்டியல் கைக்கு வந்ததும் இரண்டு வேலை. ஒன்று, கேள்விக்கு ஒரு ஃபோர்ம் கண்ட்ரோல் (பெட்டியின் மதிப்பைப் பிடித்து வைப்பது) உண்டாக்கி, கட்டாயம் என்றால் அதற்குரிய வலிடேற்றரையும் (சரிபார்க்கும் விதி) மாட்டி, எல்லாவற்றையும் ஒரு ஃபோர்ம் குரூப்பில் சேர்ப்பது. மற்றது ரெம்பிளேற்றில் அதே பட்டியலைச் சுற்றி வந்து, வகையைப் பார்த்து உரிய பெட்டியைக் காட்டுவது. 2023 நவம்பரில் வந்த 17ஆம் பதிப்பு முதல் பட்டியலைச் சுற்ற அற் ஃபோர், வகை பார்க்க அற் சுவிட்ச் என்று நேரடியாக எழுதலாம். அதற்கு முந்தியதென்றால் என்ஜி ஃபோர், என்ஜி சுவிட்ச். ஒவ்வொன்றையும் எதை வைத்து அடையாளம் காண்பது என்று டிராக் கேட்கும் இடத்தில் வரிசை எண்ணைக் கொடுக்காமல் சாவியைக் கொடுங்கள். செயலாளர் நடுவில் ஒரு கேள்வியைச் செருகினாலும் எந்தப் பெட்டி எந்தக் கேள்விக்கு என்பதில் குழப்பம் வராது.

ஒருவருக்கு மூன்று துண்டு வயல் இருக்கும், இன்னொருவருக்கு ஒன்றுதான். அதற்கு ஃபோர்ம் அரே இருக்கிறது. ஒவ்வொரு துண்டும் ஒரு ஃபோர்ம் குரூப். 'இன்னொரு துண்டு' என்ற பட்டனை அழுத்தினால் அரேயில் ஒன்று கூடும்.

பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. 'விதைநெல் வாங்கியதா?' என்பதற்கு ஆம் என்றால்தான் 'எங்கே வாங்கியது?' என்ற கட்டாயக் கேள்வி தெரிய வேண்டும் என்று வைப்போம். இல்லை என்றதும் பெட்டியைத் திரையில் மறைத்துவிடுவீர்கள். ஆனால் கண்ட்ரோல் உள்ளே வெறுமையாக, கட்டாயமாகவே இருக்கும். ஃபோர்ம் செல்லாது என்று பட்டன் மங்கிக் கிடக்கும், கமக்காரருக்குக் காரணம் தெரியாது. மறைக்கும்போது அந்தக் கண்ட்ரோலை டிசேபிள் செய்யுங்கள். டிசேபிள் ஆனது சரிபார்ப்பில் சேராது, ஃபோர்மின் வல்யூவிலும் வராது. அதையும் சேர்த்து எடுக்க வேண்டியிருந்தால் கெட் ரோ வல்யூ என்ற கட்டளை.

போன் இலக்கத்துக்கு எண் வகை வைக்காதீர்கள். 077 என்று தட்டினால் முதல் சைபர் போய்விடும். எழுத்து வகையே வைத்து, இன்புட் மோட் நியூமெரிக் என்று சொன்னால் போனில் எண் விசைப்பலகை வரும். அடையாள அட்டைக்கு அந்த விசைப்பலகை வேண்டாம். பழைய அட்டையில் ஒன்பது இலக்கத்தோடு வி அல்லது எக்ஸ் வரும், 2016 முதல் வருவதில் பன்னிரண்டு இலக்கம். பெரியவர்கள் பலரிடம் இன்னும் பழையதுதான். இரண்டையும் ஏற்கிற பற்றர்ன் (எழுத்து வடிவ விதி) எழுதாவிட்டால் பதிவு நாளன்று ஐயாமார் எல்லோரும் உங்கள் மேசையைத்தான் சுற்றி நிற்பார்கள்.

அப்புறம், ஒவ்வொரு படிவத்துக்கும் ஒரு பதிப்பு எண் கொடுத்து, நிரப்பிய பதிலோடு அதையும் சேமியுங்கள். போன சிறுபோகத்தில் ஏக்கரில் கேட்ட கேள்வியை இந்தமுறை பரப்பு என்ற காணி அளவில் கேட்டால் பழைய சாவியைத் திரும்பப் பாவிக்கக் கூடாது, புதுச் சாவி வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு போகக் கணக்கையும் ஒன்றாகக் கூட்டிவிடுவார்கள்.

கேள்வி: இதற்கென்று ஆயத்தமாக லைப்ரரிகள் இருக்கின்றனவே, ஏன் நாமே எழுத வேண்டும்?
– வாசகர், வவுனியா

பதில்: இருக்கின்றன. அங்குலருக்கு என்ஜிஎக்ஸ் ஃபோர்ம்லி நல்லது, நானும் பாவித்திருக்கிறேன். ஐந்தாறு வகைப் பெட்டிதான் என்றால் நீங்களே எழுதுவது சுகம். ஒரு பின்னேரத்து வேலை, பிழைத்தால் எங்கே பிழைத்தது என்று தெரியும். படிவத்துக்குள் படிவம், பல பக்கம், சிக்கலான நிபந்தனை என்று போகும்போது லைப்ரரிக்குப் போங்கள். படிவம் மாறவே மாறாது என்றால் இரண்டும் வேண்டாம், சாதாரணமாக எழுதிவிடுங்கள்.

கேள்வி: அங்குலர் போன்றவைதான், நான் ரியாக்ட் படிக்கிறேன், நண்பன் வியூ. எங்களுக்கும் இதே வழிதானா?
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: இதேதான். ரியாக்டில் வகைப் பெயருக்கு எதிரே கொம்போனன்றை (பக்கத்தின் ஒரு துண்டு) வைத்த ஒரு ஒப்ஜெக்ட் செய்து, பட்டியலை மேப் செய்யும்போது அதிலிருந்து எடுங்கள். எடுத்ததை வைக்கும் மாறியின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் ரியாக்ட் அதைச் சாதாரண எச்ரிஎம்எல் ராக் என்று நினைத்துவிடும். வியூவில் கொம்போனன்ற் ராக்கில் இஸ் என்ற பண்புக்கு அதே கொம்போனன்றைக் கொடுத்தால் சரி. எச்ரிஎம்எல்லை நேரே போடும் வழி ரியாக்டிலும் உண்டு. அதன் பெயரிலேயே 'டேஞ்சரஸ்லி' என்று எழுதி வைத்திருக்கிறார்கள், மிச்சத்தை நான் சொல்லத் தேவையில்லை.