டைனோசரை விட்டு நகராத மகன்

கேள்வி: கண்காட்சிக்கு அழைத்துப் போனால் என் 7 வயது மகன் டைனோசர் எலும்புக்கூட்டை விட்டு நகரவே மாட்டேன் என்கிறான். மற்ற அரங்குகளை எப்படிக் காட்டுவது?

பதில்: நிற்கட்டும், விடுங்கள்! பல்லைப் பார்க்கச் சொல்லுங்கள். கத்திபோல் கூராக இருந்தால் கறி தின்றிருக்கும், இலை வடிவில் சின்னதாக இருந்தால் தழை தின்றிருக்கும் என்று அவனே யூகிப்பான். அப்புறம் காலக்கணக்கு: முதுகில் தகடுகள் கொண்ட ஸ்டெகோசாரஸ் வாழ்ந்தது சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, டைரனோசாரஸ் ரெக்ஸ் அழிந்தது சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, அதாவது ரெக்ஸுக்கு ஸ்டெகோசாரஸைவிட நாம்தான் காலத்தால் பக்கம், எனக்கே இது இன்னும் ஆச்சரியம்தான். வரலாற்று அரங்கா? அதற்கு இன்னொரு நாள் போங்கள். வீட்டுக்கு வந்ததும் கேள்வி கேட்டுத் துளைக்காமல், பார்த்ததை வரையச் சொல்லுங்கள்.