பழைய கப்பலோடு வரும் சோதனை அறிக்கை செல்லுமா?

கேள்வி: பந்திங்கில் செம்பனைக் குலை ஏற்றும் லோரிகளை நடத்தி வருகிறோம். நானும் என் மைத்துனரும் இன்னொரு பங்காளியும் சேர்ந்து, வெளிநாட்டுக் கொடியின் கீழுள்ள 600 மொத்த டன்னேஜ் கொண்ட பழைய சரக்குக் கப்பல் ஒன்றை வாங்கி, மலேசியக் கொடிக்கு மாற்றி, கிள்ளான் துறைமுகத்துக்கும் சுமத்திராவின் பெலாவானுக்கும் இடையே ஓட்ட எண்ணியுள்ளோம். கண்காணிப்புக் கருவிக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் கொடுக்கப்பட்ட எல்.ஆர்.ஐ.டி. (கப்பலைத் தொலைவிலிருந்து துணைக்கோளம் வழியாகக் கண்காணிக்கும் ஏற்பாடு) சோதனை அறிக்கையைக் காட்டிய தரகர், "இதற்குக் காலாவதித் தேதியே கிடையாது, அப்படியே செல்லும்" என்கிறார். வேறொரு நிறுவனமோ, எல்.ஆர்.ஐ.டி., ஏ.ஐ.எஸ். (அக்கம்பக்கத்துக் கப்பல்களுக்கு வானொலியில் தகவல் அனுப்பும் கருவி) இரண்டையும் ஆண்டுதோறும் சோதித்தாக வேண்டும் என்று கூறி ஒரே மொத்தத் தொகைக்கு விலை கொடுத்துள்ளது. யார் சொல்வதை நம்புவது?

பதில்: இருவர் சொல்வதிலும் பாதிப் பாதி உண்மை இருக்கிறது. அறிக்கையில் காலாவதித் தேதி இராது என்பது சரிதான். ஆனால் கருவியை மாற்றினாலோ, சோதித்த நிறுவனத்தின் அங்கீகாரத்தைக் கொடி நாடு (கப்பல் பதிவாகியுள்ள நாடு) திரும்பப் பெற்றாலோ, கப்பல் வேறொரு நாட்டின் கொடிக்கு மாறினாலோ அந்த அறிக்கை செல்லாது. நீங்கள் செய்யவிருப்பதே கொடி மாற்றம் என்பதால், தரகர் காட்டும் தாளுக்கு உங்களைப் பொறுத்தவரை மதிப்பில்லை. மலேசியக் கொடியின் சார்பில் சோதிக்க அங்கீகாரம் பெற்ற சேவை நிறுவனத்திடம் புதிய அறிக்கை பெற வேண்டும். அந்தச் செலவைக் கப்பலின் விலை பேசும்போதே கழித்துக்கொள்ளுங்கள்.

எல்.ஆர்.ஐ.டி. என்பது கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான அனைத்துலக உடன்படிக்கையான சோலாஸின் 5ஆம் அத்தியாயம், 19-1ஆம் விதியின்படி, அனைத்துலகப் பயணம் செய்யும் பயணிகள் கப்பல்களுக்கும் 300 மொத்த டன்னேஜும் அதற்கு மேலும் உள்ள சரக்குக் கப்பல்களுக்கும் கட்டாயமான ஏற்பாடு. இந்த விதி 2008 ஜனவரி 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. கப்பலின் அடையாளம், இருக்குமிடம், தேதியும் நேரமும் ஆகியவற்றை அந்தக் கருவி, வழக்கமாக 6 மணி நேரத்துக்கு ஒரு முறை, யாரும் கைவைக்காமலேயே துணைக்கோளம் வழியாக அனுப்பும். கரையிலிருந்தபடியே அந்த இடைவெளியை 15 நிமிடம் வரை குறைக்கவும், கேட்ட மாத்திரத்தில் இருப்பிடத்தைப் பெறவும் முடிய வேண்டும். சோதனையில் பார்ப்பதும் பெரும்பாலும் இதைத்தான்: இடைவெளியை மாற்றும் கட்டளைக்குக் கருவி பணிகிறதா, தகவல் உரிய நேரத்துக்குள் வந்து சேருகிறதா என்பது. இவ்வளவும் தொலைவிலிருந்தே நடப்பதால், தொழில்நுட்பர் கப்பலுக்கு வந்துபோகும் செலவு என்று பட்டியலில் ஒரு வரி இருந்தால், அது எதற்கு என்று கேளுங்கள். உங்கள் பக்கத்தில் கவனிக்க வேண்டியவை இரண்டே: சோதனை முடியும் வரை கருவிக்கு மின்சாரம் நிற்கக்கூடாது, அலைவாங்கிக்கு வானம் மறைவின்றித் தெரிய வேண்டும். பழுதுபார்க்கும் பட்டறையில் இரவானதும் மின்சாரத்தை அணைத்துவிட்டு, மறுநாள் கருவியைக் குறை சொல்வதில் பயனில்லை.

ஏ.ஐ.எஸ். முற்றிலும் வேறு. அது வி.எச்.எஃப். வானொலி அலையில் அக்கம்பக்கத்துக் கப்பல்களுக்கும் கரை நிலையங்களுக்கும் சில நொடிகளுக்கு ஒரு முறை தகவல் அனுப்பும் கருவி. ஆண்டுச் சோதனை இதற்குத்தான் கட்டாயம். அதையும் அங்கீகாரம் பெற்ற ஆய்வாளரோ சோதனை நிலையமோ செய்து, அறிக்கையின் நகலைக் கப்பலில் வைத்திருக்க வேண்டும். இங்கே ஆள் நேரில் வந்தாக வேண்டும், ஏனெனில் அலையின் வலிமையையும் அதிர்வெண்ணையும் அளந்து பார்ப்பதோடு, கருவிக்குள் பதிந்துள்ள பெயர், அழைப்புக் குறி, எண்கள் ஆகியவற்றையும் ஒப்பிட வேண்டும். கொடி மாறிய கப்பல்களில் கோளாறு நேர்வது இந்த எண்களில்தான். அனைத்துலகக் கடல்சார் அமைப்பின் (ஐ.எம்.ஓ.) ஏழு இலக்க எண் கப்பலின் ஆயுள் முழுதும் மாறாது. கப்பலின் வானொலிக் கருவிகளுக்கான ஒன்பது இலக்க அடையாள எண்ணான எம்.எம்.எஸ்.ஐ. எண்ணோ கொடியோடு மாறும், மலேசியக் கப்பலுக்கு அது 533 என்று தொடங்கும். அறிக்கையைக் கையில் வாங்கியதும் முதலில் அந்த வரியைப் பாருங்கள். பழைய நாட்டின் எண் அங்கே இருந்தால், முத்திரை எவ்வளவு அழகாக இருந்தாலும் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

ஆகவே அந்த மொத்தத் தொகையை இரண்டாகப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். எல்.ஆர்.ஐ.டி. சோதனையை ஆண்டுதோறும் செய்ய வேண்டும் என்று சோலாஸ் கேட்கவில்லை. கொடி நாடு தனியாகக் கேட்கிறது என்று அந்த நிறுவனம் வாதிட்டால், அந்தச் சுற்றறிக்கையைக் காட்டட்டும்.

கேள்வி: குறுகிய தூரம் மட்டுமே ஓடும் கப்பலுக்கு எல்.ஆர்.ஐ.டி. தேவையில்லை என்றும், கடையில் மலிவாகக் கிடைக்கும் 'பி' வகை ஏ.ஐ.எஸ். கருவியே போதும் என்றும் பங்காளி சொல்கிறார். வாங்கிய பிறகு ஏமாற்றப்பட்டால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாமா?

பதில்: விலக்கு தூரத்தைப் பொறுத்ததன்று. ஏ.ஐ.எஸ். பொருத்திய கப்பல், கரையோர வி.எச்.எஃப். நிலையத்தின் இடையறாத எச்சரிக்கை வசதி எட்டும் ஏ1 கடற்பகுதிக்குள் மட்டுமே ஓடினால்தான் விலக்கு உண்டு. உங்கள் பாதை முழுவதும் அதற்குள் அடங்குமா என்பதை மலேசியக் கடல்துறை இலாகாவிடம் எழுத்து மூலம் கேட்டுப் பெறாமல், பெலாவானில் ஆய்வுக்கு வரும் அதிகாரியிடம் வாய்வார்த்தையாகச் சொல்லித் தப்பிக்க முடியாது.

'பி' வகை உல்லாசப் படகுகளுக்கும் சிறு படகுகளுக்கும் உரியது. அவற்றுள் மலிவானவை 2 வாட் வலிமையில் அனுப்புகின்றன. உங்கள் கப்பலுக்குக் கட்டாயமான 'ஏ' வகையோ 12.5 வாட்.

தீர்ப்பாயத்தைப் பொறுத்தவரை, 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரித்தாலும், 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் சொந்த, வீட்டுப் பயன்பாட்டுப் பொருள்களை வாங்குபவரையே காக்கிறது. வணிகக் கப்பலின் கருவி அதில் அடங்காது. உங்களுக்குத் துணை ஒப்பந்தமே, எனவே "கொடி மாற்றத்துக்குப் பிறகு புதிய எல்.ஆர்.ஐ.டி. அறிக்கையும், 533 எண்ணோடு கூடிய ஏ.ஐ.எஸ். அறிக்கையும் கையில் கிடைக்கும் வரை இறுதித் தவணை நிறுத்தி வைக்கப்படும்" என்ற ஒரு வரியை, முன்பணம் கட்டுவதற்கு முன்பே வழக்கறிஞரைக் கொண்டு சேர்க்கச் சொல்லுங்கள்.